ஊர் வியாதியெல்லாம் அக்காவுக்கு

கரையான்சாவடியில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு மெடிக்கல் ஷாப் இருந்தது. அங்கே மருந்து எடுத்துக் கொடுத்த அக்காவுக்கு, எனக்குத் தெரிந்து மூலம், படை, பொடுகு, பித்தவெடிப்பு, வாய்நாற்றம், தூக்கத்தில் படுக்கையை நனைக்கும் பழக்கம், போதாததற்கு இரண்டு காதிலும் சீழ், எல்லாமே இருந்தன. இத்தனையையும் வைத்துக்கொண்டு அவர் காலை ஒன்பது மணிக்கெல்லாம் கொண்டையில் ஒரு முழம் மல்லிகையோடு வந்து, யாரைப் பார்த்தாலும் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நிற்பார்.

விஷயம் இதுதான். ஒரு பெரியவர் கடைக்கு வருவார். தலைவலி மாத்திரை கேட்பார். வாங்கிக்கொள்வார். அப்புறம் இருமல் மிட்டாய் கேட்பார். அதையும் வாங்கிக்கொண்டு போகாமல் நிற்பார். பக்கத்தில் இருக்கிறவர்கள் நகர்ந்ததும் சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த டாக்டர் சீட்டை எடுத்து, லஞ்சம் கொடுக்கிற மாதிரி கவுண்டருக்கு அடியில் நீட்டுவார். அக்கா அதைப் பிரித்து ஒரு பார்வை பார்ப்பார். உடனே உள்ளே இருக்கும் ஓனரை நோக்கித் தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுப்பார்.

"ஓனரே! எனக்கு மூலத்துக்குப் போடுற களிம்பு கீது இல்ல, அதுல ஒண்ணு எடு. இன்னாமா எரியுது தெரியுமா, ஒரு எடத்துல குந்த முடியல!"

களிம்பு வரும். பெரியவரின் பைக்குள் சத்தமில்லாமல் இறங்கும். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பாவம் இந்தப் பொம்பளைக்கு இப்படி ஒரு கஷ்டமா என்கிற முகத்தோடு நடந்து போவார். பக்கத்தில் நின்றவர்களும் அதே முகத்தோடு அக்காவைப் பார்ப்பார்கள். அக்கா அடுத்த சீட்டுக்குக் கை நீட்டிவிடுவார்.

இப்படியே வருஷக்கணக்கில் நடந்ததால் ஊரில் இருந்த வியாதியெல்லாம் அவர் பேரில் பட்டா ஆகிவிட்டது. ஒருநாள் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருத்தர் கேட்டேவிட்டார்: "ஏன்க்கா, இம்மாம் வியாதிய வெச்சிகினு எப்டிக்கா உசுரோட கீறே?"

"எல்லாம் உள்ள ஒண்ணுக்கொண்ணு சண்ட போட்டுகினு என்னை மறந்துடுச்சுங்கப்பா" என்றார் அக்கா.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். காட்டன் புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. பேனாவை மட்டும் காதில் செருகாமல் கொண்டையில், பூவுக்குப் பக்கத்தில் செருகியிருப்பார். பெயர் பில்லில் கையெழுத்தாக இருக்கும்; அதை ஒருத்தராலும் படிக்க முடியாது. டாக்டர்கள் கிறுக்குவதை மட்டும் அவர் பேப்பர் படிப்பது போலப் படிப்பார். சீட்டு இல்லாமல் வந்து "ஏதாச்சும் ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டால் கெஞ்சினாலும் நடக்காது. "நான் டாக்டரு இல்ல நைனா. டாக்டரு கையெழுத்தப் படிக்கத் தெரிஞ்சவ. அவ்ளோதான் என் படிப்பு" என்று அனுப்பிவிடுவார். இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அக்கா எங்கே போனார் என்று விசாரித்துப் பார்த்தேன். ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குட்டை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. அதாவது, அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அப்பா ஆவடி ஃபேக்டரியில் இருந்தவர். அவர் போன பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நானும் அம்மாவும் கரையான்சாவடிக்கு வந்தோம். வந்த இரண்டாம் வருஷம் சேக்காட்டிலிருந்து நிர்மலாவைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

வெயில் ஏறினால் எனக்கு உதட்டோரம் கொப்புளம் வரும். சின்ன வயதிலிருந்தே வரும். முதல் நாள் ஊறல், மறுநாள் கொத்தாக நாலைந்து கொப்புளம், பத்து நாளில் பொருக்காகி உதிர்ந்துவிடும். அம்மாவைப் பொறுத்தவரை அது அக்கி. அக்கிக்கு மருந்து சாப்பிடக் கூடாது, எழுத வேண்டும். பூந்தமல்லிக்கு அப்பால் குயவர் ஒருவர் இருந்தார். காவியைத் தண்ணீரில் குழைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் வரைவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக அங்கேதான் என்னை இழுத்துப் போவாள் அம்மா. "சர்ச்சுக்குப் போயிட்டு இங்க வர்றியே" என்று கேட்டால், "இது சாமி சமாச்சாரம் இல்லடா, மண்ணு சமாச்சாரம்" என்பாள்.

கல்யாணமான முதல் மே மாதமும் அப்படித்தான். மோவாயில் செக்கச்செவேலென்று ஒரு சிங்கத்தோடு தைலம் வாங்க மெடிக்கலுக்குப் போனேன்.

"இன்னா நைனா, எந்த டிராமால வேஷம்?" என்றார் அக்கா.

"அக்கிக்கா. உதட்டுல."

"சிங்கம் சோக்கா கீது. ஆனா சிங்கத்துக்குப் பயப்படுற ஜாதி இல்ல அது." பில் போட்டுக்கொண்டே சொன்னார்: "அது ஒரு கிருமிப்பா. ஒரு தபா உள்ள பூந்துச்சுன்னா அப்பால நரம்புல போய்ப் படுத்துக்கும். காலி பண்ணாத குடித்தனக்காரன் மாதிரி. நீ வெயில்ல அலஞ்சா, ஜொரம் வந்தா, தூக்கம் கெட்டா, எட்டிப் பாக்கும். தொரத்த முடியாது. அடக்கி வைக்கலாம். அந்த ஊறல் எடுக்குது பாரு, அப்பவே டாக்டராண்ட போனா மாத்திரை எழுதுவாரு. கொப்புளம் ஆறுற வரிக்கும் நீ துடைக்கிற துண்ட யாருக்கும் குடுக்காத. பச்சக் கொழந்தைக்கு முத்தம் குடுத்துடாத. பொண்டாட்டியாண்ட ஒட்டி ஒறவாடாத."

நான் சிரித்தேன். கடைசி வார்த்தையை அவர் கிண்டலுக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். புது மாப்பிள்ளையிடம் போய் யார் இதையெல்லாம் மெனக்கெட்டுச் சொல்வார்கள்?

மூன்று வாரம் கழித்து நிர்மலாவுக்குக் காய்ச்சல் வந்தது. இடுப்பெல்லாம் கடுக்கிறது என்றாள். ஒன்றுக்குப் போகும்போது உயிர் போகிறது என்று பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தனியாகவே லேடி டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். மறைவிடத்தில் கொப்புளம், ஹெர்பிஸ் என்கிற கிருமி, அதிலிருந்து தொட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், அடுத்த தடவை நீங்களும் வரணுமாம் என்று ஒரே மூச்சில் சொன்னாள். சமையலறையிலிருந்த அம்மா காதில் கொப்புளம் என்ற வார்த்தை மட்டும் விழுந்துவிட்டது.

"அக்கியா? எங்கேம்மா, காட்டு. நாளைக்கே போய் எழுதிட்டு வந்துடலாம்."

நிர்மலா என்னைப் பார்த்தாள். அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. எனக்கு முட்டவில்லை. நான் மொபைலில் ஹெர்பிஸ் என்று போட்டு, முதல் மூன்று வரி படித்துவிட்டிருந்தேன். தொடர்பால் பரவும் என்று இருந்தது. நாலாவது வரியைப் படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பொறுமை குட்டை என்று முதலிலேயே சொன்னேனே.

அறைக்குள் போனதும் அவளிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன்.

"யாரு?"

அவள் அலமாரியைத் திறந்து நாலு புடவையை எடுத்துப் பையில் வைத்தாள். மாத்திரைச் சீட்டு மேஜை மேலேயே கிடந்தது. சேக்காட்டில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவிடம் அவளுக்கு வயிற்று வலி, ரெஸ்ட் எடுக்கப் போயிருக்கிறாள் என்று புளுகினேன். அவளிடம் 'யாரு' என்று கேட்ட அந்த ஒரு வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோபம் ஒரு பக்கம், அவள் வலியில் துடித்தது ஒரு பக்கம். சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போனேன். கூட்டம். என் பக்கத்தில் அம்மாவோடு பூசையில் சேர்ந்து உட்காரும் ஸ்டெல்லாம்மா நின்றிருந்தார். சீட்டை மடித்தபடியே நீட்டினேன். அக்கா பிரித்துப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"அட, நம்ம மாத்திரை! ஓனரே, எனக்கு அந்தக் கொப்புளத்துக்குப் போடுற மாத்திரை ஒரு அட்ட எடு. போன மாசம் வந்து பேஜார் பண்ணிடுச்சு!" பிறகு தணிந்த குரலில், "குந்துப்பா. போவாத" என்றார்.

கூட்டம் கலைந்ததும் அவர் கேட்காமலே கொட்டினேன். என் பெண்டாட்டி, அவள் ஆஸ்பத்திரி போனது, நான் கேட்டது, அவள் போனது எல்லாம். கொட்டி முடித்து, "சொல்லுங்கக்கா, இது வெளியிலேர்ந்து வராம எப்படி வரும்?" என்றேன்.

அக்கா கொண்டையிலிருந்த பேனாவை உருவி என் உதட்டுக்கு நேரே நீட்டினார். அங்கே பொருக்கு உதிர்ந்த தழும்பு இன்னும் ஆறாமல் சிவந்திருந்தது.

"இது இன்னா?"

"இது அக்கி..."

"சிங்கம் வரஞ்சிகினு வந்தியே, அது இன்னா? இதே கிருமிதாம்ப்பா. வாயில வர்றது கீழயும் போவும். வாயால போவும். அப்ப கொப்புளம் இருந்துச்சா, தள்ளிப் படுத்தியா? இல்ல, என்னைப் பாத்து இளிச்சிட்டுப் போனியா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

"நான் சொன்னேன்னு நம்பாத. அந்த டாக்டரம்மாவாண்ட போ. அவங்க சொல்றத முழுசாக் கேளு. பாதியில எயுந்து வந்துடாத" என்றார்.

மாத்திரையைச் சேக்காட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். மாமனார்தான் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். நிர்மலா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் பையை வைத்திருந்தாள். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். வந்திருப்பது உதட்டில் கொப்புளம் வரவைக்கிற வகைக் கிருமிதான். யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் அடித்துச் சொல்ல முடியாது. அது வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும். சிலருக்குக் கொப்புளமே வராது, ஆனாலும் பரவும். ஆனால் மூன்று வாரத்துக்கு முன் உங்கள் உதட்டில் கொப்புளம் இருந்தது என்றால், வேறு எங்கேயும் போய்த் தேட வேண்டிய அவசியம் இல்லை. முதல் தடவைதான் இவ்வளவு மோசமாக இருக்கும். பிறகு வந்தாலும் லேசாக வரும். அடிக்கடி வந்தால் தினமும் சாப்பிட மாத்திரை இருக்கிறது. கர்ப்பமானால் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மற்றபடி பிள்ளை பெறலாம், எல்லாரையும் போல வாழலாம்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். மரத்தடியில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்கக் கேட்டேன்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது" என்றாள் நிர்மலா. "ஆனா உங்கம்மா நேத்து எனக்கு போன் பண்ணாங்க. 'என் பையன் சரியாச் சாப்பிடறதில்ல, நீ என்னம்மா பண்ணே'ன்னு கேக்கறாங்க. தப்பு என் மேலதான்னு அவங்க நெனச்சிட்டு இருக்கற வீட்டுக்கு நான் வரமாட்டேன். உங்கம்மாகிட்ட உண்மையச் சொல்லுங்க. அன்னிக்கே வரேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. அது நியாயம் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் அம்மாவிடம் போய் எந்த வாயால் சொல்வது? ஒரு வாரம் தினமும் சாப்பாட்டுத் தட்டில் உட்கார்ந்து, "அம்மா" என்று ஆரம்பிப்பேன். "என்னடா?" என்பாள். "ரசம்" என்பேன். அந்த வாரம் நான் குடித்த ரசத்துக்கு அளவே இல்லை.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. ஸ்டெல்லாம்மாவின் அக்கா மகன் ஒரு லேபில் வேலை பார்க்கிறவன். மெடிக்கல் அக்கா கூவிய கொப்புளத்து மாத்திரையைப் பற்றி ஸ்டெல்லாம்மா அவனிடம் கேட்க, அவன் மேதாவித்தனமாக, அது 'அந்த மாதிரி' நோய்க்கும் கொடுப்பதுதான் என்று சொல்லிவிட்டான். மூலத்தைத் தாங்கிக்கொண்ட ஊர், படையைத் தாங்கிக்கொண்ட ஊர், இதைத் தாங்கிக்கொள்ளவில்லை. அக்கா கையால் மருந்து வாங்கக் கூடாது என்று பேச்சாகிவிட்டது. புருஷன் இல்லாமல் தனியாக இருக்கிறவளுக்கு இந்த நோய் எப்படி வந்தது என்று ஒரு கேள்வி வேறு. நான் ஒரே வார்த்தையில் கேட்டதை ஊர் கொஞ்சம் நீட்டிக் கேட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நடுவில் ஸ்டெல்லாம்மா. பக்கத்தில் என் அம்மா.

"குடும்பம் இருக்கற எடம் ஓனர். கொழந்தைங்களுக்கு டானிக் வாங்கறோம். இவங்கள உள்ள உக்கார வையுங்க. வேற யாராச்சும் எடுத்துக் குடுக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஸ்டெல்லாம்மா. என் அம்மா தலையை ஆட்டினாள். ஓனர் தரையைப் பார்த்தார். அக்கா கவுண்டருக்குப் பின்னால் நின்று மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அன்று அவர் சிரிக்கவில்லை. நான் வருவதைப் பார்த்தார். அப்போதும், அந்த மாத்திரை இவனுக்கு வாங்கினது என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருக்கலாம்.

ஒரு வாரமாக ரசத்தில் மூழ்கிக் கிடந்த குரல் அப்போதுதான் வெளியே வந்தது.

"அந்த மாத்திரை என் வீட்டுக்கு வாங்கினது. நோய் என்னோடது. என்கிட்டேர்ந்துதான் நிர்மலாவுக்கு வந்துச்சு. அவமேல எந்தத் தப்பும் இல்ல. நான்தான் அவள அசிங்கமாக் கேட்டு அனுப்பிட்டேன்."

தேவைக்கு அதிகமாகவே கத்திவிட்டேன் போல. எதிர்ப்பக்கம் ஜூஸ் கடையில் மிக்சியை நிறுத்திவிட்டார்கள்.

"உனக்கு என்னடா நோய்?" என்றாள் அம்மா. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நீ அக்கின்னு சொல்லுவியே, அதுதாம்மா. உதட்டுல வர்றதுதான். அதே கிருமிதான்."

"அக்கியா? அது எனக்கும்தானே வரும்? என் கல்யாணத்துக்கு முன்னாடியே வரும்..." என்றவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கை தானாக உதட்டுக்குப் போயிற்று. "நீ கைக்கொழந்தையா இருந்தப்ப உன்ன கீழயே விடமாட்டேனே. முத்தம் குடுத்துட்டே இருப்பேனே. அப்போ நான்தான் உனக்கு..." என்றாள். கண் கலங்கிவிட்டது.

அக்கா கவுண்டரை விட்டு வெளியே வந்துவிட்டார். "யம்மா, இதுக்கு எதுக்கு அயுவுற? ஊர்ல முக்கால்வாசிப் பேருக்குக் கொழந்தையில இப்டித்தான் வந்திருக்கும். உனக்கும் உங்கம்மா குடுத்திருப்பா. எல்லாரும் ஆசையாத்தான் குடுத்திருக்காங்க. இதுல எவளப் போய் யாருன்னு கேக்குறது?"

ஷேர் ஆட்டோக்காரர் ஓரமாக நின்றிருந்தார். "எனக்குக் கூட உதட்டுல வரும்க்கா" என்றார். ஓனர் தலையை நிமிர்த்தி, தனக்கும் பரீட்சை நேரத்தில் எல்லாம் வந்ததாகச் சொன்னார். கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டெல்லாம்மா மட்டும் தன் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் வந்ததே இல்லை என்றார். சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

அம்மா அன்றே சேக்காட்டுக்குக் கிளம்பினாள். "நீ பேசாத, நீ பேசினது போதும்" என்று என்னைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தாள். அங்கே நிர்மலாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாளோ, எனக்குத் தெரியாது. என்னை வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு பையோடு வந்தார்கள். என்னை வைத்துத்தான் சிரித்தார்கள் என்பது நிச்சயம்.

மறுநாள் நானும் நிர்மலாவும் மெடிக்கலுக்குப் போனோம். ஞாயிறு மதியம் என்பதால் கடையில் வேறு ஆள் இல்லை. "எனக்காக எவ்ளோ பேச்சுக் கேட்டுட்டீங்க. ஊர் வியாதிய எல்லாம் உங்க தலையில போட்டுக்கறீங்க, இல்லாத வியாதிக்கு எதுக்குக்கா இந்தப் பாடு?" என்றேன்.

அக்கா கவுண்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூலம் பொய்ப்பா. படை பொய். பாய நனைக்கிறேன்னு சொன்னது சுத்தப் பொய். இது ஒண்ணு மெய்யாலுமே எனக்குக் கீது. பதினெட்டு வருசமா கீது." துணியை உதறி மடித்தார். "எனக்கு மொத தபா வந்தப்போ என் ஊட்டுக்காரன் நீ கேட்ட மாதிரியேதான் கேட்டான். உதட்டுல பொருக்க வெச்சிகினே கேட்டான். நான் அப்போ மருந்துக் கடையில இல்ல. அது இன்னான்னே எனக்குத் தெரியாது. பதில் சொல்லத் தெரில. எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டேன். இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னு ஒரு வருசம் வாசலப் பாத்துகினு இருந்தேன்."

நிர்மலா கவுண்டரின் மேல் கையை வைத்தாள்.

"அவன் வர்ல" என்றார் அக்கா. "உன் ஆளு வந்துட்டான். கொஞ்சம் லேட்டு. பரவால்ல, வந்துட்டான் இல்ல?"

நிர்மலாதான் பேசினாள். வீட்டில் அம்மா மீன் குழம்பு வைத்திருப்பதாகவும், கடையை இரண்டு மணிக்குச் சாத்துவீர்கள்தானே, அதுவரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம், சேர்ந்தே போகலாம் என்றும் சொன்னாள்.